உட்கார்ந்த உயரம்

பனியனுக்கு அளவெடுப்பவர்கள் நெஞ்சைச் சுற்றி எடுப்பார்கள், தோளிலிருந்து இடுப்புக்கு எடுப்பார்கள். கட்டிங் மாஸ்டர் லிங்கசாமியோ சம்மணமிட்டிருந்த தவசியின் உச்சந்தலையிலிருந்து தரை வரைக்கும் டேப்பை இறக்கினார். பிறகு ஒரு முழங்காலிலிருந்து மறு முழங்காலுக்கு.

"எதுக்கு மாஸ்டர் இது?"

"சாமிக்குத் தெரியாததுங்களா?" என்றவர் முதுகைக் காட்டாமலே பின்வாங்கிப் போனார்.

நல்லூரில் அந்தச் சின்ன கம்பெனியில் தவசி துணி தேய்ப்பவன். இரண்டாயிரத்து நாலு ஆவணியில் மகள் ஜோதிகா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அதோடு அவனுக்குப் பேச்சு குறைந்தது, வலது கையும் மரத்துப்போனது. ஒருநாள் சூடான அயர்ன் பெட்டியில் கையை ஊன்றியபடியே நின்றிருந்தான். தோல் கருகும் வாடை மற்றவர்களுக்குத்தான் முதலில் எட்டியது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டிய கை. செக்கிங் பிரிவிலிருந்த சாரதாமணி அதைக் கும்பிட்டாள். அந்த வாரமே அவள் மகளுக்கு வரன் அமைந்தது. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். கம்பெனியிலேயே ஓர் அறை ஒழித்து, அவன் உட்கார காவித் துணி விரித்த பலகை வந்தது. அவன் சொல்லாததையெல்லாம் சொன்னான் என்றார்கள். இல்லையென்று தலையாட்டினால் அதற்கும் ஓர் அர்த்தம் கண்டார்கள். மறுத்துப் பேச அவனுக்குள் ஆள் வேண்டுமே.

அன்று மதியம் மட்டும் என்னவோ உறுத்தியது. மெஷின்கள் ஓடவில்லை, பின்பக்கம் சாக்கு மூட்டைகள் தரையில் உரசி உரசி நகரும் சத்தம் ஓயாமல் கேட்டது, மழையே பெய்யாத நாளில் ஈரமண் வாசனையும் விபூதி வாசனையும் கலந்து அறைக்குள் வந்து நின்றன. ஜன்னல் வழியே பார்த்தான். கல்லுப்பு. சாயப்பட்டறைக்குப் போகிற உப்பு மூட்டைகள் இங்கே எதற்கு?

சாரதாமணி மாலையோடு வந்தாள். "கனவுல வந்து நீங்களே நாள் குறிச்சுட்டீங்க சாமி. இன்னைக்கு அமாவாசைல ஜீவசமாதின்னு. எங்க ஊட்டுக்காரருக்கும் அதே கனவுங்க."

"நான் வரலம்மா. யார் கனவுலயும் வரல."

"அடக்கத்தைப் பாருங்க" என்று பின்னால் நின்றவர்களிடம் சொன்னாள்.

பல மாதங்களுக்குப் பிறகு அவனுக்குப் பயம் வந்தது. ஊரிலிருக்கும் மனைவி சீனியம்மாளைக் கூப்பிடச் சொன்னான். அவனுடைய குறட்டையும் மூக்குப்பொடியும் தெரிந்தவள். அவள் வந்து நாலு வார்த்தை சொன்னால் போதும்.

"அம்மா காலைலயே வந்துட்டாங்க சாமி."

பலகையோடு தூக்கினார்கள். கதவு. வெயில். சதுரமாக ஒரு குழி. அடியில் உப்பு.

குழியோரம் சீனியம்மாள் நின்றாள். புது மஞ்சள் சேலை.

"ஏ சீனி, நாந்தான். இவங்ககிட்டச் சொல்லு."

இறக்கினார்கள். திமிறினான். மரத்த கை எதையும் பிடிக்கவில்லை. நாலு பக்கமும் மண்.

அவள் மண்டியிட்டு அவன் முகத்தையே நெடுநேரம் பார்த்தாள்.

"புள்ள செத்தன்னைக்கு ஒரு சொட்டு அழலியே. அப்பவே தெரிஞ்சு போச்சு சாமி, நீங்க மனுசன் இல்லன்னு."

அவனுக்கு அழுகை வந்தது. மகளுக்கு வராத அழுகை. கண்ணீரைக் கண்டதும் பெண்கள் குலவையிட்டார்கள்.

சீனியம்மாள் இரண்டு கையாலும் உப்பை அள்ளினாள்.