பன்னிரண்டாம் கோடு

பாலகோபால் கிட்டார் கம்பியை அழுத்திய இடத்திலிருந்து நாதம் வரவில்லை. ஒரு நூல் அளவு பின்னால் வேறு யாரோ அழுத்தியது போல வந்தது.

கிட்டார் கழுத்தின் பன்னிரண்டாம் கோட்டில் கம்பியை லேசாகத் தொட்டு மீட்டினால் மணி மாதிரி ஒலிக்கும். அதே கோட்டில் அழுத்தி மீட்டினாலும் அதே சுருதி வரவேண்டும். மோதிர விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தான். இறங்கியே நின்றது.

பேஸ் கிட்டார், ஆர்கெஸ்ட்ராவில் அவனுக்கு முன் வாசித்த லட்சுமணசாமியுடையது. பஞ்சு மில் எந்திரத்தில் இடது கை மோதிர விரல் நுனி போனதும், கழுத்தில் குறுக்கே பதித்திருந்த ஃப்ரெட் கம்பிகளையெல்லாம் பிடுங்கி, கோடுகளை மட்டும் விட்டுவிட்டுத் தன் மொட்டை விரலுக்கு ஏற்ற மாதிரி அமைத்துக்கொண்டார். போன மாசம் அந்தியூர் கச்சேரி முடிந்து வரும்போது வேன் கவிழ்ந்தது. உடம்பைத்தான் எடுத்தார்கள். இடது கை கிடைக்கவேயில்லை. கிட்டாரில் ஒரு கீறல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணக் கச்சேரி. சுருதி பிசகினால் கீபோர்டுக்காரனே இடது கையில் பேஸையும் வாசித்துக்கொள்வான் என்று ஆர்கெஸ்ட்ரா முதலாளி சொல்லிவிட்டார். பாலகோபாலுக்கு வேறு பிழைப்பு இல்லை.

சிங்காநல்லூர் முழுக்கக் கரண்டு போயிருந்தது. ஆம்ப்ளிஃபயர் இல்லாமலே சத்தம் கேட்பதற்காகக் கிட்டாரின் தலையை மரப் பீரோவில் சாய்த்து வைத்திருந்தான்.

"ஏனுங்க, மத்தியானத்துல இருந்து எருமை கத்தற மாதிரியே கேக்குது," சமையலறையிலிருந்து சாந்தாமணி கத்தினாள். "வாசிப்பீங்களா, திருகிட்டே இருப்பீங்களா?"

"செத்த சும்மா இரு அம்மணி. அண்ணன் அவுரு விரலுக்கு வெச்சுபோட்டாரு. என் விரலுக்கு மாத்தோணுமல்லோ."

இருட்டில் தடவி, திருப்புளியால் முதல் கம்பியைத் தாங்கும் கட்டையின் திருகைத் தளர்த்தினான். கட்டை முன்னால் நகர்ந்து கம்பியின் நீளம் குறைந்தால் சுருதி ஏறும். ஏறியது. கூடவே, மூடிக்கிடக்கும் வீட்டுக்குள் எங்கிருந்தோ பஞ்சுத் தூசும் எந்திர எண்ணெயும் கலந்த வாடை மெல்ல வந்து, மூக்கில் ஏறி, தொண்டையில் படிந்தது. பீரோவுக்குள் துணிகளின் நடுவே ஏதோ அசைந்தது. எலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

இன்னும் கால் திருகு.

விரல் நுனி சில்லிட்டது. மரத்துப்போனது.

இன்னும் கொஞ்சம்.

சேர்ந்துவிட்டது. மணி ஒலியும் அழுத்திய ஒலியும் ஒன்றாகிவிட்டன.

"ஆங், இப்பத்தானுங்க!" சாந்தாமணியின் குரலில் சிரிப்பு. "லட்சுமணசாமி அண்ணன் வாசிக்கற மாதிரியே இருக்குது."

கரண்டு வந்தது.

கோட்டின் மேல் அவன் மோதிர விரல் இருந்தது. முதல் கணுவோடு முடிந்திருந்தது. ரத்தம் இல்லை. வலி இல்லை. வருஷக்கணக்காக ஆறிய தழும்பு, வழவழவென்று.

கத்த வாயைத் திறந்தான்.

வலது கை திருப்புளியைத் தூக்கியது. அவன் தூக்கவில்லை. இரண்டாவது கம்பியின் திருகில் அது பொருந்தியது. திரும்பத் தொடங்கியது.

அவன் முழுக்கைச் சட்டையின் இடது கை, மணிக்கட்டிலிருந்து மேலாக, மெல்ல மெல்ல வெறுமையாகித் தொங்கிப்போய்க்கொண்டிருந்தது.