அம்மா அளவுக்கு ஒரு கடல் உடுப்பு

ஜெனியின் அம்மா ஏஞ்சலம்மாள் அயர்லாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. ஜெனி அம்மாவைத் தேடாத நாளே கிடையாது. போனில் முகம் தெரியும், கைதான் எட்டாது.

அந்த அம்மாவுக்கு இப்போது சர்ஃபிங் கற்க ஆசை. பலகைமேல் ஏறி நின்று அலையோடு கரைக்கு வருகிற விளையாட்டு அது.

"அங்க இப்ப வெயில் அடிக்குல்லா, தண்ணியும் சூடாத்தானம்மா இருக்கும்?" என்று போனில் கேட்டாள் ஜெனி.

"எங்கட்டி! கடல் மெதுவாத்தான் ஆறும், மெதுவாத்தான் சூடாகும். இந்த மார்ச்லதான் ரொம்ப மோசம். ஒம்பது டிகிரி. நம்ம பம்பாய் கடல்ல இருவத்தஞ்சாவது இருக்கும்."

அம்மாவின் நல்ல காலம், அப்பா சிங்கராயர் வேலை பார்க்கும் தாராவிப் பட்டறையில் சர்ஃபிங் உடுப்புதான் தைக்கிறார்கள். ஐந்து மில்லிமீட்டர் தடிமனான ரப்பர் உடுப்பு ஒன்றை முதலாளி வாஹித் பாய் அம்மாவுக்குப் பரிசாகவே கொடுத்துவிட்டார். பக்கத்து வீட்டு வெங்கி நாளைக் காலையில் அயர்லாந்துக்குப் பறக்கிறார். அவர் கையில் கொடுத்துவிட வேண்டியதுதான்.

அப்பா பெரிய சைஸாகப் பார்த்து எடுத்து வந்திருந்தார்.

"எதுக்குப்பா இவ்வளவு பெருசு?"

"லூஸா இருந்தா உள்ள ஒரு ஸ்வெட்டரும் போட்டுக்கிடலாம்லா!"

அவர்கள் தெருவில் எல்லா உடுப்பும் இப்படித்தான் எடுப்பார்கள். ஜெனியின் பள்ளிப் பாவாடையையே மூன்று மடிப்பு மடித்துத் தைத்திருந்தார்கள்.

உடுப்பில் தொங்கிய அட்டையை ஜெனி உற்றுப் பார்த்தாள். "படத்துல தோலோட ஒட்டிக்கிட்டுல்லா இருக்கு. ஒருத்தராவது இதப் போட்டு நீங்க பாத்திருக்கீங்களா?"

அப்பா தலையைச் சொறிந்தார். எட்டு மாதமாக அவர் தைத்தது உடுப்பின் கைகளை மட்டும்தான். உடம்பைத் தைப்பவர் வேறு, காலைத் தைப்பவர் வேறு.

பட்டறையில் கழித்துப்போட்ட உடுப்புக் கைகள் சில வீட்டில் கிடந்தன. ஜெனி தெருமுனையில் அல்தாபின் ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி வந்து வாளித் தண்ணீரில் போட்டாள். முதலில் பெரிய கையை மாட்டிக்கொண்டு முக்கினாள்.

"யம்மா!" என்று கத்திக்கொண்டு கையை எடுத்துவிட்டாள். ஐஸ் தண்ணீர் உள்ளே புகுந்து சளசளவென்று கொட்டியது.

அடுத்து, இறுக்கமான சின்னக் கை. இந்தத் தடவை வெகுநேரம் கையை எடுக்கவே இல்லை.

"அப்பா, கொஞ்சம் தண்ணி உள்ள வருது. ஆனா அங்கயே நிக்குது. இப்ப என் சூட்டுல வெதுவெதுன்னு ஆயிட்டு!"

"அப்ப அம்மா சைஸுக்குச் சரியா வேணும். அது எனக்குத் தெரியாதா? இடுப்பு முப்பத்தி நாலு."

"அது ரெண்டு வருஷத்துக்கு முந்திப்பா."

ஜெனி அம்மாவைக் கூப்பிட்டாள். அம்மா டேப்பைச் சுற்றிப் பார்த்து, மெதுவாகச் சொன்னாள்: "முப்பது."

அப்பா போன் பக்கம் குனிந்தார். "சாப்பிடுதியா இல்லியா நீ?"

"ஒத்தையில உக்காந்தா எறங்க மாட்டேங்குங்க."

அம்மா மெலிந்தது ஜெனிக்கே தெரியவில்லையே! போனில் முகத்தை மட்டும்தானே பார்த்தாள்.

"இனிமே சாப்பிடும்போது என்னையக் கூப்பிடும்மா. ஒனக்கு மத்தியானம், எனக்குச் சாயங்காலம். நான் கூட உக்காந்துக்கிடுதேன்."

அம்மா புடவைத் தலைப்பு இல்லாத ஊரில் ஸ்வெட்டர் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா பட்டறைக்கு ஓடி, சைஸை மாற்றி எடுத்து வந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மா தலை சொட்டச் சொட்ட நின்றாள். "குளிரு தாங்குதுட்டி! ரெண்டு அலையில நின்னுட்டேன்."

"மூணாவது?"

"அதுல விழுந்துட்டேன்." மூன்று பேரும் சிரித்தார்கள். பிறகு அம்மா சொன்னாள்: "எனக்கு ஒங்களப் பாக்கணும் போல இருக்கு. ஆகஸ்ட்ல தண்ணி கொஞ்சம் சூடாகும். விசாவுக்கு எழுதிப் போடப் போறேன். ரெண்டு பேரும் வாங்க."

போனை வைத்ததும் ஜெனி டேப்பை அப்பா கையில் திணித்தாள். "எனக்கும் ஒரு கடல் உடுப்பு வேணும்லா!"

"இப்பவே எதுக்கு? ஆகஸ்டுக்கு இன்னும் அஞ்சு மாசம் கெடக்கு. அதுக்குள்ள வளந்துருவ."

"வளர வளர எடுங்கப்பா" என்று இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றாள் ஜெனி.