நெஞ்சறி வாயில்

முப்பிடாதி கண்ணாடிக் கூண்டுக்குள் நின்றுகொண்டிருந்தாள். தலைக்கு மேலே எழுபத்தொன்று என்ற எண் சிவப்பில் ஒளிர்ந்தது. முன்கதவு, பின்கதவு இரண்டும் பூட்டிக்கொண்டுவிட்டன. சங்கு ஊதியதும், காலைச் சிறப்பு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த ஆசிரியர்கள் பாடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். சிவப்பு விழுந்தால் ஆசிரியர் அத்தனை பேரும் வாயிலுக்கு வந்து நிற்க வேண்டும் என்பது விதி. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும், நாற்பது கிலோகூடத் தேறாத ஒரு பெண்ணைப் பதினான்கு ஆசிரியர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள்.

வாயிலுக்கு வெளியே இருந்த சிறு அறையில், எண்பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த சண்முகக்கனி எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயிலை இயக்குவது அவள் வேலை. முப்பிடாதி அவளுடைய அக்கா மகள்.

"இறங்குதா?" என்று கேட்டார் அறை வாசலில் நின்ற தலைமையாசிரியர் நெல்லையப்பன்.

"இறங்குது சார். அறுபத்தெட்டு."

எண் அறுபதுக்குக் கீழே வந்தால்தான் கூண்டு திறக்கும். அதற்குச் சாவி கிடையாது. சாவி என்று ஒன்று வைத்தால் பின்னாலேயே சிபாரிசும் வந்து நிற்கும் என்று மேலிடம் கணக்குப் போட்டது. நம் ஆட்களை அவர்கள் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். கண்ணாடியைத் தாண்டிக் குரல் போகாது. உள்ளே கைப்பேசியும் எடுக்காது. பதினோரு நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. சண்முகக்கனி பையைச் சோதித்தாள். புளிச்சோறு, உயிரியல் நோட்டு, மூடி தொலைந்த ஒரு பேனா. வேறொன்றும் இல்லை.

"ரெண்டாவது சிவப்பு" என்று பதிவேட்டில் எழுதினார் நெல்லையப்பன். "இன்னும் ஒன்னு விழுந்தா திருத்தப் பள்ளிதாம்மா. என் கையில ஒன்னும் இல்ல."

திருத்தப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பே கிடையாது. தையலும் தச்சுவேலையும் சொல்லிக் கொடுப்பார்கள். முப்பிடாதிக்குக் கால்நடை மருத்துவம் படிக்க ஆசை. பொதுத்தேர்வுக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது.

பனையடிகுளம் மேல்நிலைப் பள்ளிக்கு முதலில் வந்தது இந்த வாயில் அல்ல, இரும்புணரி. பையில் அரிவாள் வைத்துக்கொண்டு பிள்ளைகள் வந்த காலம் அது. இரும்புணரி அரிவாளைக் கண்டுபிடித்தது உண்மைதான். கூடவே எவர்சில்வர் சோற்று டப்பா, தண்ணீர்ச் செம்பு, கழுத்துத் தாயத்து, இடுப்புக் கொடி எல்லாவற்றையும் பார்த்து அலறியது. தொள்ளாயிரம் பிள்ளைகள் உள்ளே போய்ச் சேரும்போது மதிய மணி அடித்துவிடும். பெற்றோர் சண்டைக்கு வந்தார்கள். அப்போதுதான் எங்கோ குளிரூட்டிய அறையில் யாருக்கோ அந்தப் பெரிய யோசனை பிறந்தது. ஆயுதத்தை ஏன் தேட வேண்டும்? அதைத் தூக்கப் போகிற நெஞ்சைத் தேடினால் என்ன?

இரும்புணரியைக் கழற்றிவிட்டு நெஞ்சறி வாயிலை வைத்தார்கள். ஆள் நடந்து போகிற மூன்று விநாடியில் அது இதயத் துடிப்பு, உள்ளங்கை ஈரம், மூக்கு நுனியின் சூடு, கண்மணியின் அகலம், தோள்பட்டையின் இறுக்கம் எல்லாவற்றையும் அளந்து, நூற்றுக்கு இத்தனை என்று ஒரு வன்ம எண் சொல்லும். அறுபதுக்குக் கீழே என்றால் பச்சை. பச்சை விழுந்த பிள்ளையின் பையை யாரும் தொடக் கூடாது. அது பிள்ளையின் மானம். பச்சை விழும்போது வாயில் இச் இச் என்று ஒரு ஒலி எழுப்பும். அதனால் பிள்ளைகள் அதற்குப் பல்லி என்று பெயர் வைத்துவிட்டார்கள். காலையில் பல்லி நல்ல வாக்குச் சொன்னால் அந்த நாள் நல்ல நாள்.

வாயிலுக்குத் தெரு தெரியாது என்று திறப்பு விழாவில் பேசினார்கள். அதுதான் எல்லாருக்கும் பிடித்திருந்தது. பனையடிகுளத்தில் மேலத்தெரு என்றும் கீழத்தெரு என்றும் இரண்டு தெரு. அவற்றுக்கு நடுவில் என்ன இருக்கிறது என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முன்பெல்லாம் பிள்ளைகள் கையில் கட்டிவரும் கயிற்றின் நிறத்தை வைத்தே யார் எந்தத் தெரு என்று சொல்லிவிடலாம். கயிற்றைத் தடை செய்தார்கள், வாயில் வந்தது, மூன்று வருடமாக ஒரு வெட்டும் விழவில்லை. சண்முகக்கனி கீழத்தெருக்காரி. யார் பெயரையும் ஊரையும் கேட்காத அந்த எந்திரத்தின் முன்னால் உட்காருவதில் அவளுக்குப் பெருமைகூட இருந்தது.

முப்பிடாதிக்கு இரண்டாவது சிவப்பு விழுந்த அன்றுதான் அவள் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டிப் பார்த்தாள். மூன்று வருடத்தில் நாற்பத்தொரு சிவப்பு. அதில் முப்பத்தெட்டு கீழத்தெருப் பிள்ளைகள்.

நெல்லையப்பனிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் கெட்டவர் இல்லை. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"நானா சொன்னா தப்பா எடுத்துக்குவீங்க. மெஷின் சொல்லுது, என்ன செய்ய? அதுக்கு யாரு எந்தத் தெருன்னு தெரியுமா? தெரியாதுல்லா?" என்றார். "வளர்ப்பு சரியில்லாம இருக்கும்மா. நீதான் உங்க ஆளுகளுக்கு எடுத்துச் சொல்லணும்."

அவள் பதிவேட்டை மூடி எடுத்துக்கொண்டு வந்தாள். அவர் பேச்சில் ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்க முடியாததுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

ஓட்டையைக் காட்டியவன் டெல்வின். தூத்துக்குடியிலிருந்து மாதம் ஒருமுறை வாயிலைப் பராமரிக்க வரும் பையன். உணரிகளின் கண்ணாடியைப் பஞ்சால் துடைத்துக்கொண்டே, அவள் கேட்டதற்குச் சாதாரணமாகச் சொன்னான்.

"அக்கா, இது மனசையா படிக்குது? ஒடம்பப் படிக்குது. அடிக்கப் போறவனுக்கும் அடி வாங்கப் போறவனுக்கும் ஒடம்பு ஒரே மாதிரிதான் துடிக்கும். மெஷினுக்கு அது ரெண்டையும் பிரிக்கத் தெரியாது."

"அப்போ பயந்த பிள்ளைக்கும் சிவப்பு விழுமா?"

"விழும். அடிச்சுப் பழகுனவன் இருக்கான் பாருங்க, அவனுக்குத் துடிக்கவே செய்யாது. ஜம்முனு பச்சையில போவான்."

சண்முகக்கனி அன்று காலைப் பட்டியலை எடுத்துப் பார்த்தாள். முப்பிடாதியின் வகுப்பில் நவநீதன் என்று ஒருவன். மேலத்தெரு. காலையில் வணக்கம் சொல்லிச் சிரித்துவிட்டுப் போகிற பையன். அவன் எண் பதினொன்று, வகுப்பிலேயே குறைந்த எண்.

"இத எழுதிக் குடேன் தம்பி."

"நான் கண்ணாடி துடைக்க வார ஆளு. எழுதுனா நாளைக்கி வேற ஆளு வந்து துடைப்பான்" என்று சொல்லிவிட்டு அவன் பஞ்சைக் குப்பைத் தொட்டியில் போட்டான்.

அன்று மாலை அக்கா வீட்டு ஆட்டுக் கொட்டகையில் வைத்து, யாருக்குப் பயப்படுகிறாய் என்று முப்பிடாதியைக் கேட்டாள். பிள்ளை முதலில் ஒன்றுமில்லை என்றாள். பிறகு ஆட்டுக்குட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அரையாண்டுத் தேர்வில் நவநீதனைவிட அவள் இருபது மதிப்பெண் கூட எடுத்திருக்கிறாள். அவ்வளவுதான் விஷயம். பேருந்தில் பின்னால் உட்கார்ந்துகொண்டு அவனும் அவன் கூட்டாளிகள் இரண்டு பேரும் தினமும் ஒரே ஒரு வரியை மெதுவாகச் சொல்கிறார்களாம். பரீட்சை எழுத உனக்குக் கை இருக்காது.

"ஏட்டி, இத முன்னாலயே சொல்லக் கூடாதா? வாத்தியார்ட்ட சொல்லுவோம்."

"வேண்டாம் சித்தி. சொன்னா வீட்டுக்கு வருவோம்னு சொல்லிருக்காங்க. அம்மா தனியா இருக்கா. எந்த வாத்தியாரு நம்புவாரு? அவனுக்குத் தினமும் பச்ச. எனக்கு ரெண்டு சிவப்பு."

அதுவும் நியாயம்தான். யாரிடம் போய் எதைச் சொன்னாலும் எதிரே எந்திரத்தின் எண் வந்து நிற்கும். சண்முகக்கனி வேறு வழியில் யோசித்தாள்.

"இங்கேரு. அந்தப் பல்லி கோவத்தப் பாக்கல, பயத்தத்தான் மோந்து பாக்குது. நீ பயப்படாம வந்தியன்னா பச்ச விழுந்திரும். ஆறு வாரந்தான்."

"பயப்படாம எப்படி சித்தி வாரது?"

"என்ன செஞ்சா ஒனக்குப் பயம் போவுமோ அதச் செய்யி."

விபூதி பூசிக்கொள், மூச்சை இழுத்து விடு, அம்மனை நினைத்துக்கொள் என்பதெல்லாம்தான் அவள் மனதில் இருந்தது. அதைத் தனித்தனியாகச் சொல்லவில்லை.

முப்பிடாதி இரண்டு நாள் காய்ச்சல் என்று பள்ளிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் காலை வந்தாள். தலையை வழித்துச் சீவி, பையை முன்பக்கமாக மாட்டி, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நடந்து வந்தாள். சண்முகக்கனி எண்பலகையைப் பார்க்கத் துணிவில்லாமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

இச் இச்.

ஒன்பது. அந்தப் பெண்ணுக்கு இதுவரை முப்பதுக்குக் கீழே எண் வந்ததே இல்லை. நெல்லையப்பன் சிரித்தார். "பாத்தியா? புத்தி சொன்னா கேக்குற பிள்ளைதான்" என்று சண்முகக்கனியிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். முப்பிடாதி திரும்பிச் சித்தியைப் பார்த்தாள், ஆனால் சிரிக்கவில்லை. சண்முகக்கனிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. பிள்ளை பிழைத்துக்கொண்டாள் என்றே நினைத்தாள்.

முதல் பாடவேளை தொடங்கிச் சற்று நேரத்தில் அக்கா கைப்பேசியில் கூப்பிட்டாள்.

"ஏ கனி, அன்னைக்கி வந்தியே, கொட்டகைக் கூரையில சொருகிருந்த அருவாளப் பாத்தியா? ஆட்டுக்குக் குழை வெட்டணும், காணல. முப்பிடாதி நேத்துப் பூரா அதத்தான் தீட்டிக்கிட்டுக் கெடந்தா. எங்கன வச்சாளோ."

சண்முகக்கனி எழுந்துவிட்டாள். முன்பக்கம் மாட்டிய பை, அணைத்துப் பிடித்த கை, ஒன்பது என்ற எண் மூன்றும் ஒன்றாகக் கண்ணுக்குள் வந்தன. பிள்ளை பயத்தைப் போக்கிக்கொள்ள வழி கண்டுபிடித்துவிட்டாள்.

நெல்லையப்பனைக் கூப்பிட விரல் எண்ணைத் தேடியது. கூப்பிட்டால் என்ன ஆகும்? போலீஸ் வரும். கை இருக்காது என்று சொன்னவன் பச்சை, பயந்து நடுங்கியவள் அரிவாளோடு பிடிபட்டவள். கால்நடை மருத்துவம் அத்தோடு முடிந்தது. அதைவிடச் சத்தமில்லாமல் போய் வகுப்பு வாசலில் நின்று, வீட்டில் அவசரம் என்று கூப்பிட்டு, பையை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். இரண்டு நிமிட வேலை. உள்ளே பாடம் நடக்கிறது, ஆசிரியர் இருக்கிறார், அதுவரைக்கும் ஒன்றும் ஆகாது. கைப்பேசியை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினாள்.

உள்ளே போக வேறு வழி இல்லை. பியூனும் தலைமையாசிரியரும் அதே வாயிலில்தான் போக வேண்டும். அவள் ஓடிப்போய்க் கால் வைத்த மூன்றாவது விநாடி இரண்டு கதவும் மூடின. தலைக்கு மேலே தொண்ணூற்று நான்கு. சங்கு ஊதியது.

சங்கு ஊதினால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவள்தான் தினமும் பார்க்கிறவள். கண்ணாடி வழியே பார்த்தாள். எட்டாம் வகுப்பிலிருந்து ஒருவர், பத்தாம் வகுப்பிலிருந்து ஒருவர், மாடியில் பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து உயிரியல் ஆசிரியை, எல்லாரும் விதிப்படி ஓடிவந்துகொண்டிருந்தார்கள்.

"போங்க! மாடிக்குப் போங்க! கிளாஸுக்குப் போங்க!" என்று கத்தினாள். கண்ணாடியை இரண்டு கையாலும் அறைந்தாள். தொண்ணூற்றேழு.

நெல்லையப்பன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். அவர் உதடு அசைந்தது. நீயுமாம்மா என்றோ என்னவோ கேட்டார். அவள் மாடியைக் காட்டினாள். அவர் மாடியைப் பார்க்கவில்லை. வெறிபிடித்துக் கூண்டை உடைக்க வருகிறாள் என்று நினைத்து ஓரடி பின்னால் போனார். பிறகு பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல உள்ளங்கையைக் கீழே தாழ்த்தித் தாழ்த்திக் காட்டினார். அமைதி, அமைதி.

அமைதியானால் கதவு திறக்கும். அதுவும் அவளுக்குத் தெரியும். கண்ணை மூடினாள். மூச்சை இழுத்தாள். அம்மனை நினைத்தாள். பிள்ளைக்குச் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்ட ஒவ்வொன்றையும் செய்து பார்த்தாள். தொண்ணூற்றாறு. தொண்ணூற்றாறு. தொண்ணூற்றெட்டு.

கண்ணைத் திறந்தபோது ஆசிரியர்கள் எல்லாரும் அவளுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஓடினார்கள். மாடி வராந்தாவில் பிள்ளைகள் முட்டிமோதிக்கொண்டு வெளியே வந்தார்கள். எல்லார் வாயும் திறந்திருந்தது. அவளுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. கடைசியாக முப்பிடாதி வந்தாள். அவளைச் சுற்றி யாரும் இல்லை. வெள்ளைச் சட்டையின் கையும் முன்பக்கமும் சிவந்திருந்தன. அரிவாளைத் தரையில் வைத்துவிட்டு, வராந்தாச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அவள் முகத்தில் பயமே இல்லை.

சண்முகக்கனி கண்ணாடியில் நெற்றியை வைத்து நின்றாள். போலீஸுக்கு இனிப் பயப்பட வேண்டியதில்லை, அது வரும். திருத்தப் பள்ளிக்கும் பயப்பட வேண்டியதில்லை, இனி அதுகூடக் கிடைக்காது. பயப்பட ஒன்றும் மிச்சமில்லை. கை கால் எல்லாம் குளிர்ந்து, நெஞ்சு மெதுவாக, மிக மெதுவாக அடித்தது.

எண்பத்திரண்டு. எழுபது. அறுபத்து மூன்று. ஐம்பத்தெட்டு.

இச் இச் என்றது வாயில். கதவு திறந்து, உள்ளே போக வழிவிட்டது.