முன்சீட்டில் விரித்த உரச்சாக்கு

காலை ஆறே முக்கால். கார் கொட்டகையில் அன்பரசன் விழுந்து கிடந்தான். வாயில் நுரை. கைகால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. தலைமாட்டில் பூச்சிமருந்து பாட்டில் ஒன்று உருண்டு கிடந்தது. டீ டம்ளரோடு வந்த மனைவி செந்தாமரை போட்ட அலறலில் தெருவே கூடிவிட்டது.

"மருந்தக் குடிச்சிட்டான்" என்றார் யாரோ. அது போதாதா? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அன்பரசனை முத்துப்பேட்டை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்குள், பெண்டாட்டியோடு சண்டை போட்டு விஷம் குடித்தான் என்று ஊர் தீர்ப்பே எழுதிவிட்டது.

செந்தாமரையின் தங்கை எழில்மொழி கால்நடை டாக்டர். அவள் வந்து சேர்ந்தபோது வராந்தாவில் மாமியார் அமிர்தம் மருமகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள்.

"ராத்திரி கார் கார்னு நீ கத்தாம இருந்திருந்தா எம் புள்ள இப்படிக் கெடப்பானா?"

செந்தாமரைக்கு அழக்கூட வரவில்லை. மரமாக நின்றாள். எழில் அவளை மாமியாரின் பிடியிலிருந்து விலக்கினாள்.

அந்தக் காரை அன்பரசன் குவைத்திலிருந்து திரும்பியதும் பழையதாக வாங்கினான். தோல் சீட்டெல்லாம் கோடை வயல் மாதிரி வெடித்திருந்தது. கடைக்குக் கொடுக்காமல் வீட்டிலேயே உட்கார்ந்து சரிசெய்தான். சோப்பு நுரையில் துடைத்து, வெடிப்பில் பசை அடைத்து, சாயம் ஏற்றி, கடைசியில் தோல் காய்ந்துபோகாமல் க்ரீம் தேய்ப்பான். பிரஷ் ஆகாது. "உள்ளங்கைச் சூட்டுலதான் தோலு குடிக்கும்" என்று வெறுங்கையால்தான் தேய்ப்பான். பின்சீட்டு போன வாரமே முடிந்துவிட்டது. முன்சீட்டுகளுக்கு இன்று விடிகாலையில்தான் க்ரீம் போட உட்கார்ந்திருக்கிறான்.

டாக்டர் வெளியே வந்தார். "வயித்தக் கழுவியாச்சு. ஊசியும் போட்டுட்டே இருக்கோம். ஆனா வெஷம் எறங்க மாட்டேங்குது. இன்னும் உள்ள போயிட்டே இருக்கற மாதிரி இருக்கு."

எழில் உள்ளே போய் அத்தானின் முகத்தருகே குனிந்தாள். நுரைதான் இருந்தது, மருந்து நெடி இல்லை. மருந்து குடித்த ஆட்டின் வாய்கூட நாலடி தள்ளி நாறும். அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"எழிலு, என் போன் கார்லயே கெடக்கு" என்றாள் செந்தாமரை ஈனக்குரலில்.

அன்பரசனை ஏற்றி வந்த அந்தக் கார் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் நின்றது. பூட்டவில்லை. பின்சீட்டில் வாந்தி. ஓட்டுபவர் சீட்டில் வெள்ளை உரச்சாக்கு ஒன்று விரித்திருந்தது. இடது கதவைத் திறந்தாள். கீழே, கால் வைக்கும் இடத்தில், வீட்டு நாய்க்குட்டி. எப்போது ஏறியதோ, யாரும் கவனிக்கவில்லை. எச்சில் ஒழுகியது, உடம்பு வெடவெடத்தது, கண்மணி கடுகாகச் சுருங்கியிருந்தது. முன்சீட்டின் ஓரத்தில் அது நக்கிய ஈரம்.

எழிலின் கை தானாகப் பின்வாங்கியது. நாய்க்குட்டிக்கு ஏது வாழ்க்கை வெறுப்பு?

குட்டியைத் துணியில் சுற்றி, தன்னோடு வந்திருந்த உதவியாளரிடம் கொடுத்து ஊசி போடச் சொன்னாள். பிறகு ஓடினாள். "டாக்டர், அத்தான் குடிக்கல. தோல் வழியாப் போயிருக்கு. கைலிய அவுத்துட்டு ஒடம்பெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவுங்க. வெளியில யாருக்கும் சொல்லாதீங்க."

பத்து மணிக்கு டாக்டர் நெற்றியைத் துடைத்தபடி தலையசைத்தார். பிழைத்துவிடுவான். விஷயத்தை, விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் இப்ராஹிமிடம் மட்டும் எழில் சொன்னாள். அவர் வராந்தாவுக்கு வந்தார்.

"கொட்டகையப் பூட்டுவீங்களா?"

"இல்ல சார்" என்றாள் செந்தாமரை. "வீட்டுல எல்லாரும் போவோம். நான், அத்தை, இவரோட தம்பி பரிதி."

"ராத்திரி சண்டை?"

"கார் செலவுக்குத்தான் சத்தம் போட்டேன். பெரிய சண்டை தம்பியோடதான். வயல எறால் பண்ணைக்கு விடணும்னு அது ஒத்தக்கால்ல நிக்குது. உப்புத்தண்ணி பட்டா அக்கம்பக்கத்து நெல்லும் போயிடும்னு இவரு கையெழுத்துப் போடல."

"அது அண்ணன் தம்பி பேச்சு" என்றான் பரிதி. அழுது அழுது அவன் கண் சிவந்திருந்தது.

"வண்டிய ஓட்டிட்டு வந்தது நீங்கதானே. சாக்கு எதுக்கு?"

"வயல்லேருந்து சேத்தோட ஓடியாந்தேன் சார். அண்ணன் உசுரா வச்சிருந்த சீட்டு."

"அந்த நேரத்துலயும் அண்ணன் பொருள் பாழாவக்கூடாதுன்னு நெனச்சிருக்கான் பாருங்க" என்று விம்மினாள் அமிர்தம். எழில்கூடத் தலையசைத்தாள். அதே நொடியில் பின்சீட்டு நினைவுக்கு வந்தது. அவள் இன்ஸ்பெக்டரின் காதில் ஏதோ சொன்னாள்.

எல்லோரும் காரருகே போனார்கள். இப்ராஹிம் ஒரு குச்சியால் சாக்கைத் தூக்கிப் பைக்குள் போட்டார். "தம்பி, வண்டிய ஸ்டேஷன்ல கொண்டாந்து விடுங்க."

பரிதி அசையவில்லை. "கை நடுங்குது சார். வேற யாரையாச்சும் ஓட்டச் சொல்லுங்க."

"எனக்கு வெயில்ல நிக்க முடியல" என்றாள் அமிர்தம். இடது கதவைத் திறந்து முன்சீட்டில் உட்காரக் குனிந்தாள். எழில் பதறி எட்டினாள். அவளுக்கு முன்பே பரிதி பாய்ந்து அம்மாவின் தோளைப் பிடித்து இழுத்தான்.

"அம்மா, அதுல உக்காராத."

"ஏன்?" என்றாள் எழில்.

பரிதி அம்மாவின் தோளை விட்டான்.

"அத்தான் குடிச்சார்னுதான் இங்க எல்லாருக்கும் தெரியும். சீட்டுல விஷம்னு உங்களுக்கு யாரு சொன்னா?" எழில் பின்கதவைத் திறந்தாள். "பின்சீட்டப் பாருங்க. அண்ணன் எடுத்த வாந்தி அப்படியே கெடக்கு. சீட்டு மேல அக்கறை இருந்தா சாக்கு அங்கதான் கெடந்திருக்கணும். உங்ககிட்டேருந்து சீட்டக் காப்பாத்த நீங்க சாக்கு விரிக்கல. சீட்டுக்கிட்டேருந்து உங்களக் காப்பாத்திக்கத்தான் விரிச்சீங்க. பூச்சிமருந்த க்ரீம் டப்பாவுல கலந்துட்டு, அவரு விழுந்ததும் பாட்டில தலைமாட்டுல போட்டுட்டு வயலுக்குப் போயிட்டீங்க."

இப்ராஹிம் பரிதியின் மணிக்கட்டைப் பிடித்தார். அவன் திமிறவில்லை.

செந்தாமரை வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அமிர்தம் அழவில்லை, அடிக்கவும் இல்லை. சின்ன மகன் பிடித்து இழுத்த தன் தோளையே பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"காலையில அவன் அந்த க்ரீமத் தொட்டப்ப," என்றாள் மெதுவாக, "ஏன்டா கையப் புடிச்சு இழுக்கல?"