மறுசரம் நீக்கிய சரக்கு

அந்த வருஷம் ஒரு கோடையை உயிரோடு தாண்ட, தலைக்கு முப்பத்தெட்டு ரூபாய். விருதுநகரில் மதிய வெயில் ஐம்பத்து மூன்று டிகிரியைத் தொட்டபோதும் ஆட்கள் மூட்டை சுமந்தார்கள். எல்லார் குடலிலும் குணமணி அண்ணாச்சியின் 'வெயில்தாங்கி' குடியிருந்தது. கொதிக்கும் ஊற்றில் வாழும் நுண்ணுயிரின் மரபணுவை ஏற்றிய மோர்க் கிருமி அது.

மற்றவர்கள் தொண்ணூறுக்கு விற்றார்கள். அண்ணாச்சிக்குக் கட்டுபடியானது பேரத்தால். கிருமியை எழுதும் மரபுநெசவி இயந்திரத்துக்கு மரபணு எழுத்து ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி. பொறியாளர் எப்சிபா திரையில் காட்டியதைப் பார்த்து அவர் கண்ணைச் சுருக்கினார்.

"ஏம்மா, ஒரே வரி நூத்திப் பத்து தடவை வருதே?"

"அது மறுசரம் அண்ணாச்சி. ரெண்டு சரத்துக்கு நடுவுல ஒரு பழைய வைரஸோட அடையாளம் இருக்கும். அது திரும்ப வந்தா கிருமி வெட்டிப் போட்டுரும்."

"இத்தனை வாட்ச்மேன் எதுக்கு? எடுத்திரு."

"வைரஸ் உள்ள பூந்தா நம்ம மரபணுவைத் தூக்கிட்டுப் போயி வேற கிருமிக்குள்ள விட்டுரும்."

"விடட்டும். ஓசி விளம்பரம்."

எப்சிபா சிரித்துவிட்டாள். சிரித்த கையோடு வெட்டியும் விட்டாள்.

மூன்றாம் கோடையில் அண்ணாச்சியின் மனைவி ஜெயக்கொடிக்கு டைபாய்டு.

"கொதிக்க வச்ச தண்ணிதானே குடிச்சா?" என்றார் அண்ணாச்சி.

"டைபாய்டு கிருமிக்கு இப்ப கொதிதண்ணிதான் குளியல்," என்றார் டாக்டர் மும்தாஜ். "அதைக் கொல்லத்தான் உடம்பு காயுது. இதுக்கு அந்தச் சூடே சோறு. சூட்டுல இருக்கிற வரைக்கும் மருந்து ஏறாது. உடம்பு முப்பது டிகிரிக்கு இறங்கணும்."

"அவ தாங்குவாளா?"

"இருபத்தெட்டுல இதயம் நின்னுரும்."

அண்ணாச்சியின் வாய் தானாகவே திறந்தது. "முப்பத்தஞ்சுல முடிச்சுக்கக் கூடாதா?"

கட்டிலில் ஜெயக்கொடி கண் திறக்காமல் முனகினாள். "இங்கேயுமா பேரம்?"

ஐஸ் தொட்டியில் படுக்கவைத்தால் பாளத்துக்கு ஒரு டிகிரி இறங்கும் என்றார் டாக்டர். அண்ணாச்சி ஊரையே போனில் அலசினார். வெயில் சுடாத ஊரில் ஐஸ் யாருக்கு வேண்டும்? ஐஸ் தொழிற்சாலைகள் பூட்டி இரண்டு வருஷம். மீன்கடையில் மட்டும் கொஞ்சம் இருந்தது. கேட்ட விலையைக் கொடுத்தார்.

ஜெயக்கொடியின் காய்ச்சல் நாற்பதரை. இறங்க வேண்டியது முப்பதுக்கு. வந்த ஐஸ் மூன்று பாளம்.

பாக்கி ஏழரை டிகிரி.