மூன்று தட்டு

சோதனைக் குழாயில் தண்ணீர் சிவக்கவில்லை.

அவன் அதை ஜன்னலோரம் அந்தி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். தெளிவாக இருந்தது. கழிவுநீரில் நைட்ரேட் மிஞ்சியிருந்தால் மருந்து பட்டதும் சிவக்கும். ஜல்லித் தொட்டியின் அடியில் காற்றில்லாமல் வாழும் கிருமிகள் அதைத் தின்று வாயுவாக வெளியே விடும். அதற்கு அவற்றுக்கு இரையாக அன்றாடம் வெல்லப்பாகு ஊற்ற வேண்டும். பாகுப் பீப்பாய் முந்தாநாளே காலி. இன்று சிவந்தே தீர வேண்டும்.

மேற்பார்வையாளர் போனில் சிரித்தார். "நல்லா வந்ததுக்கு ஏன்யா அழறே? பட்டினி போட்டாத்தான் வேலை செய்யும்போல, உன்னை மாதிரி."

அவர் வைத்ததும் அக்கா கூப்பிட்டாள். தொட்டிக்குள் அடைப்பு எடுக்க வேண்டுமென்று மாமா விடியும் முன்பே கிளம்பிவிட்டாராம். போனை எடுக்கவில்லையாம்.

"உன்கூடத்தானேடா இருக்காரு?"

மாமாவுக்கு இன்று லீவு என்றுதான் அவன் நினைத்திருந்தான்.

"ஆமாக்கா," என்றான்.

வடிந்து கிடந்த தொட்டிக்குக் காலையில் தண்ணீர் திறந்தது அவன்தான். திறக்குமுன் ஸ்பேனரால் குழாயில் மூன்று தட்டு: உள்ளே யாராவது? பதிலுக்கு இரண்டு தட்டு வந்தால்: இருக்கிறேன், திறக்காதே. அவனும் மாமாவும் வைத்துக்கொண்ட ஏற்பாடு. அவன் தட்டினான். பதில் இல்லை. எட்டிப் பார்க்காமல் திறந்துவிட்டான்.

வடிந்த தொட்டியில் அந்த வாயு தேங்கும். வாசனை இராது. மூச்சுத் திணறாது. இரண்டு இழுப்பில் ஆள் சுருண்டுவிடுவான். சுருண்டவன் எப்படித் தட்டுவான்?

கொட்டகைக்குப் பின்னால் மாமாவின் வண்டி நின்றது.

ஸ்பேனரோடு தொட்டியின் படியேறினான். ஈரச் சிமென்ட்டின் வாடையும், எங்கோ ஓடும் மோட்டாரின் முனகலும், கம்பி வேலியின் நிழல் நீர்மேல் கோடுகோடாக நெளிவதும் எல்லா நாளும்போலத்தான் இருந்தன. பாகு ஊற்றாத தொட்டியின் ஒரு மூலையில் மட்டும், சோறு கொதிப்பதுபோல, குமிழிகள் விடாமல் வெடித்துக்கொண்டிருந்தன.

வடிகாலைத் திறந்தால் தெரிந்துவிடும். கை போகவில்லை.

குழாயில் மூன்று தட்டினான்.

காத்திருந்தான். பதில் இல்லை. காலையில் போலவே.

போன் அடித்தது. அக்கா. அவன் எடுக்கவில்லை. அது ஓய்ந்தது.

குமிழிகளும் ஓய்ந்தன.

அடியிலிருந்து குழாய் அதிர்ந்தது. ஒன்று. இரண்டு.

மூன்று.

இடைவெளி. மறுபடி மூன்று. நிதானமாக. உள்ளே யாராவது என்று கேட்பதுபோல.

அவனுக்கு மூச்சு முட்டவில்லை. எந்த வாசனையும் இல்லை.

அவன் கை ஸ்பேனரைத் தூக்கி இரண்டு முறை தட்டியது.

கீழே தண்ணீர் வால்வு திறந்தது.