கருணாகரன் வழியாக

ராயபுரத்தில் மீன்பிடித் துறைமுகத்துக்கு எதிரே இருந்த அந்த இறால் கம்பெனிக்குள் மகிழினி முதன்முதலாக நுழைந்தபோது, வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே அமோனியா வாடை மூக்கைத் துளைத்தது. கீழே இறாலை உறையவைக்கும் குளிர் அறை. மாடியில் அலுவலகம். வியாசர்பாடியிலிருந்து வந்துபோக வசதியான வேலை. சில வாரங்களில், கீழே லோடு பதிவதற்கு ஆள் தேவைப்பட்டபோது தம்பி அசோகனையும் அவளே கொண்டுவந்து சேர்த்துவிட்டாள்.

அவளுக்கு முன்னால் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவன் கருணாகரன். இறந்துவிட்டான் என்பதற்கு மேல் முதலாளி ரெஜி எதுவும் சொல்லவில்லை. அவன் விட்டுப்போன ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டிதான் குளிர் அறையின் வெப்பமானிகளையும் அலுவலகத்தின் இன்டர்நெட்டையும் ஓட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்த மென்பொருள் வேறு எந்தப் பெட்டியிலும் ஏற மறுத்தது. பெட்டியோ உப்புக்காற்றில் துருவேறி உயிரைவிடக் காத்திருந்தது.

மகிழினி அதற்கு ஒரு வழி கண்டாள். அவனுடைய ஹார்ட் டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து, புதிய சர்வருக்குள் விர்ச்சுவல் மெஷினாக ஓடவிட்டாள். கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர். தொட உடம்பு கிடையாது, ஆனால் உள்ளே எல்லாம் அவன் வைத்தது வைத்தபடியே இருந்தது. அலுவலகத்தில் யார் மெயில் அனுப்பினாலும், சாட் செய்தாலும், அதற்குள் நுழைந்துதான் வெளியேற வேண்டும் என்று பாதை அமைத்தாள். பழைய பெட்டி காயலான்கடைக்குப் போனது.

அதன்பிறகுதான் வார்த்தைகள் மாறத் தொடங்கின.

சரக்கு கிளம்பிவிட்டது என்று ரெஜி கொச்சிக்கு அனுப்பிய மெயில், சரக்கு அழுகிவிட்டது என்று போய்ச் சேர்ந்தது. பக்கத்துப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்த இரண்டு தோழிகளுக்குள், இருவருமே எழுதாத கெட்ட வார்த்தைகள் போய்வந்தன. அவர்கள் முகம் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். வைரஸ் என்று எண்ணி மகிழினி எல்லாப் பெட்டிகளையும் துடைத்துப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில், விர்ச்சுவல் மெஷினுக்குள் போவதையும் வெளியே வருவதையும் அருகருகே திரையில் ஓடவிட்டாள்.

உள்ளே போகும்போது வார்த்தை சரியாக இருந்தது.

வெளியே வரும்போது வேறாக இருந்தது.

நடுவில் யாரோ உட்கார்ந்து, நிதானமாகப் படித்துப் பார்த்து, மாற்றி எழுதி அனுப்புவது போல.

இறால் உரிக்கும் அடைக்கலமேரியிடம் அவள் கருணாகரனைப் பற்றி விசாரித்தாள். மேரி குழாயடியில் கைகழுவியபடி, யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டுதான் பேசினாள். போன வருஷ மீன்பிடித் தடைக்காலத்தில் வெப்பமானியைச் சரிபார்க்க லேப்டாப்போடு அவன் குளிர் அறைக்குள் போனான். கதவு பூட்டிக்கொண்டது. உள்ளேயிருந்து மாடியில் இருந்த அத்தனை பேருக்கும் செய்தி அனுப்பினான். அத்தனை பேர் திரையிலும் வந்தது.

"வெளாட்றான்னு நென்ச்சிகினு அல்லாரும் சிரிச்சாங்கம்மா. ஒருத்தரு கூட எறங்கி வர்ல" என்றாள் மேரி.

மகிழினி நேராக மாடிக்குப் போனாள். சாப்பாட்டு நேரம்; ஒரு நாற்காலியிலும் ஆள் இல்லை. விர்ச்சுவல் மெஷினை நிறுத்தினாள். அதன் சாளரம் கறுத்து மூடியது. பாதை அதன் வழியாகத்தான் போகிறது; இனி அந்தக் கட்டடத்தில் ஒரு எழுத்துகூட நகர முடியாது.

சாட் பெட்டி தானாகத் திறந்தது.

அதில் அவள் பெயரிலேயே ஒரு செய்தி, கீழ்த்தளத்து மேஜைக்குப் போயிருந்தது. 'அசோகு, குளுரு ரூம்ல மாட்டிகினேன். சீக்கிரம் வா.'

அதன்கீழே தம்பியின் பதில். 'தோ வந்துகினே கீறேன்க்கா.'

அவள் பதறிப்போய் சர்வரின் மின்கம்பியைப் பிடுங்கினாள். அதன் மின்விசிறியின் இரைச்சல் அடங்கியது. மேஜைத் திரையில் மட்டும் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன.

'இவனுக்காகவாவது எறங்கி வருவியா?'

படிகளில் எப்படி இறங்கினாள் என்றே அவளுக்குத் தெரியாது. குளிர் அறைக் கதவு இறுகியிருந்தது. உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்டது. இழுத்தாள், உதைத்தாள், தம்பியின் பெயரைச் சொல்லிக் கதறினாள்.

தட்டும் சத்தம் நின்றது.

மேரி ஐஸ் உடைக்கும் கம்பியோடு ஓடிவந்தாள். இருவரும் சேர்ந்து நெம்பியதில் பூட்டு தெறித்தது. அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே அசோகன் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். புருவமெல்லாம் பனி. அக்காவைக் கண்டதும் அவன் கண்ணில் வந்தது நிம்மதி இல்லை, குழப்பம்.

"நீ இப்பத்தான் வர்றியா?" என்றான் குழறலாக. "அப்ப இம்மா நேரம் என் பக்கத்துல குந்திகினு, கதவ நோண்டாத, என்னாண்டயே இருன்னு சொன்னது யாரு?"

அன்றோடு இருவரும் வேலையை விட்டார்கள். சர்வரிலிருந்த டிஸ்க்கை மகிழினி கழற்றி, சுத்தியலால் உடைத்து, எண்ணூர்ச் சாலையோரம் எரிந்துகொண்டிருந்த குப்பையில் வீசினாள். ஆஸ்பத்திரியில் அசோகனுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வியாசர்பாடி வீட்டில் அவனைப் பாயில் படுக்கவைத்தாள். கரண்ட் இல்லை. கத்திரி வெயிலில் சுவரெல்லாம் தகித்தது. விசிறியால் வீசிக்கொண்டிருந்தவள் அவன் முகத்தைக் குனிந்து பார்த்தாள். அவன் விடும் மூச்சு வெள்ளைப் புகையாக வந்துகொண்டிருந்தது.

விசிறி அவள் கையில் அப்படியே நின்றது.

பாயின் மறுபக்கம், யாருமே படுத்திராத இடத்தில், தலையணைக்குச் சற்று மேலே, இன்னொரு மூச்சும் வெள்ளையாக எழுந்து எழுந்து கலைந்துகொண்டிருந்தது.